வழிதவறிப் போன நம் வீட்டு ஆளிடம் பொறுமையாக இருப்பது: உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

காவேரிப்பட்டணம் அக்கா:

என் தம்பி குடிப்பவன். மாங்காய் சீசனில் மாங்கூழ் கம்பெனிகளுக்கு லோடு ஓட்டுவான், கையில் காசு புரளும். சீசன் முடிந்தால் கை காலி, கடன் மட்டும் ஏறி நிற்கும். "கிறிஸ்தவக் குடும்பம், பொறுத்துப் போங்க" என்று சொல்லாத ஆள் ஊரில் கிடையாது. நாங்கள் பொறுத்துப் போன லட்சணம் இதுதான்: அவன் கடனுக்கு அம்மா கம்மலை அடகு வைப்பார், அதைப் பற்றி யாரும் வாய் திறக்கக் கூடாது. கேட்டால், "எழுபது தடவை ஏழு முறை மன்னிக்கணும்னு ஆண்டவரே சொல்லியிருக்காரே" என்பார். மன்னிக்கத்தானே சொன்னார், வட்டி கட்டவா சொன்னார்?

என் மனதைத் தெளிய வைத்தது புனித மோனிக்காவின் கதை. ஆகஸ்ட் 27 அவர் திருநாள். பூசையில் எல்லாரும் அவர் கண்ணீரைப் பற்றியே பேசுவார்கள். மகன் அகுஸ்தின் மானிக்கேயர் என்ற வேறொரு மதக் கூட்டத்தோடு சேர்ந்தபோது அதே அம்மா அவரைத் தன் வீட்டில் தங்கவும் உடன் சாப்பிடவும் விடவில்லை என்பதை யாரும் சொல்வதில்லை. அப்புறம் ஒரு கனவு கண்டுதான் மறுபடி சேர்த்துக்கொண்டார். ஒரு ஆயரிடம் போய், "என் மகனிடம் நீங்கள் பேசுங்கள்" என்று கெஞ்சியிருக்கிறார். அந்த ஆயரும் சின்ன வயதில் அந்தக் கூட்டத்தில் வளர்ந்தவர்தான். "இப்போது சொன்னால் ஏறாது, விடு, அவனுக்காகச் செபம் மட்டும் பண்ணு" என்றார். இவர் விடாமல் அழ, அவருக்கே சலித்துப்போய், "போம்மா, இவ்வளவு கண்ணீர் விட்டவளின் பிள்ளை அழிந்துபோக மாட்டான்" என்று அனுப்பிவிட்டார். அந்தச் சலிப்பைக்கூட அகுஸ்தினார் மறைக்காமல் எழுதி வைத்திருக்கிறார். 387இல் மிலானில் அவர் ஞானஸ்நானம் பெற்றதைப் பார்த்துவிட்டு அதே வருடம் அந்த அம்மா கண்ணை மூடினார்.

இதையெல்லாம் அம்மாவிடம் சொல்லிச் சொல்லி ஒரு முடிவுக்கு வந்தோம். சோறு எப்போதும் உண்டு, ரொக்கம் எப்போதும் கிடையாது. குடித்திருக்கும்போது புத்திமதியும் கிடையாது, அது சுவரோடு பேசுகிற கதை.

ஒரு ராத்திரி வந்து நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"அக்கா, ஒரு ஐநூறு இருந்தா குடு."

"காசு இல்லடா. களி இருக்கு, உட்காரு."

முறைத்தான். ஏதோ முணுமுணுத்துவிட்டு உட்கார்ந்தான். களி உருண்டையில் குழி பறித்துக் கீரைக் குழம்பை ஊற்றினேன். கை நடுக்கத்தில் பாதி தரையில் விழுந்தது. எனக்கு நாக்கு நுனி வரை வந்துவிட்டது. இன்னொரு கரண்டி ஊற்றிவிட்டு உள்ளே போய்விட்டேன். காசு இல்லை என்பதைவிட அந்த வாயை அடக்குவதுதான் பெரும்பாடு.

ஓசூர் அப்பா:

சகோதரி, உங்கள் தம்பி முறைத்ததோடு விட்டான். என் மகன் ஆன்லைன் ரம்மிக்காக மருமகளின் செயினையே வைத்துவிட்டான். காசு தராவிட்டால் பீரோவைத் திறப்பான். அதனால் நகையெல்லாம் இப்போது பேங்க் லாக்கரில். அவனை நேசிக்கிறேன், ஆனால் சாவியை நம்பித் தர மாட்டேன். லூக்கா 15இல், சொத்தை அழித்துவிட்டுத் திரும்பி வந்த இளைய மகனைத் தூரத்தில் கண்டவுடனே அந்தத் தகப்பன் ஓடினார், சரி. அதற்கு முன்னால் அவன் பன்றி மேய்த்த ஊருக்குப் பணம் அனுப்பினாரா?

எங்கள் வீட்டில் எனக்குச் சுருக்கென்று தைத்தது வேறு விஷயம். மூத்தவள், என் மகள், சிப்காட்டில் ஷிப்ட் வேலை பார்த்துச் சம்பளத்தை அப்படியே கொண்டுவந்து தருகிறவள். ஒருநாள் குடும்ப ஜெபம் முடிந்ததும் கேட்டாள்: "தினமும் அவன் பேரைச் சொல்லியே ஜெபம் பண்றீங்களேப்பா, என் பேரை என்னைக்காவது சொல்லியிருக்கீங்களா?" நான் என்ன பதில் சொல்ல? அந்த அதிகாரத்திலேயே, மூத்த மகன் கோபித்துக்கொண்டு உள்ளே வராமல் நின்றபோது, "தகப்பனோ வெளியே வந்து, அவனை வருந்தியழைத்தான்" என்று இருக்கிறது. எங்கள் பாஸ்டர் உட்பட யாரும் அந்த வசனத்தில் நின்று நான் கேட்டதில்லை. தவறிப்போன பிள்ளையிடம் காட்டும் பொறுமைக்குக் கூலி கட்டுவது ஒழுங்காக இருக்கிற பிள்ளைதான். இப்போது வாரத்தில் ஒரு சாயங்காலம் அவளோடு மட்டும் வெளியே போகிறேன். தம்பி பேச்சை எடுப்பதில்லை.

தர்மபுரி, ஆஸ்பத்திரியில் வேலை பார்ப்பவள்:

இரண்டு விஷயம் மட்டும். கோயிலில் சத்தியம் வாங்கிக்கொண்டு, தினமும் குடிக்கிறவரைத் திடீரென்று நிறுத்தச் சொல்லாதீர்கள். இரண்டு மூன்று நாளில் கை நடுக்கம் கூடி, வலிப்பு வரலாம், பிதற்றலாம், உயிருக்கே ஆபத்தாகலாம். அரசு மருத்துவமனை மனநலப் பிரிவுக்குக் கூட்டிப்போய் மருந்தோடு நிறுத்துங்கள். 14446 என்ற போதை மீட்பு உதவி எண்ணிலும் வழி கேட்கலாம். அடுத்து, மனைவியை அடிக்கிற வீட்டில் "பொறுத்துக்கோம்மா" என்று தயவுசெய்து சொல்லாதீர்கள். பெண்கள் உதவி எண் 181க்குப் போன் போடச் சொல்லுங்கள்.

காவேரிப்பட்டணம் அக்கா:

நன்றிங்க. வலிப்பு விஷயம் தெரியாது. தம்பி இன்னும் குடிக்கிறான், ஆனால் சாப்பிட வருகிறான். குடிப்பவர்களின் குடும்பத்தாருக்கென்றே அல்-அனான் என்று கூட்டம் நடக்கிறதாமே, கிருஷ்ணகிரி பக்கம் தமிழில் எங்காவது நடந்தால் இடமும் நேரமும் சொல்லுங்கள். அம்மாவைக் கூட்டிப்போக வேண்டும்.