சிடி பிளேயர் நின்றுவிட்டது: ஆண்ட்ராய்டு போனிலிருந்து பழைய ஆம்ப்ளிஃபயருக்கு நல்ல ஒலி கொண்டுவர உதவி வேண்டும்

காவிரிக்கரை:

எல்லோருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமான சந்தேகம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் வீட்டுக் கூடத்தில் அப்பா 90களில் வாங்கிய ஸ்டீரியோ ஆம்ப்ளிஃபயரும் இரண்டு ஸ்பீக்கரும் இன்னும் நன்றாகவே வேலை செய்கின்றன. கூட இருந்த சிடி பிளேயர்தான் போன வருஷம் படுத்துவிட்டது. லென்ஸ் தேய்ந்துவிட்டது, அந்த மாடலுக்கு இனிமேல் கிடைக்காது என்று ரிப்பேர் கடைக்காரர் கையை விரித்துவிட்டார். அப்பாவிடம் 140 சிடி இருக்கிறது. பாதிக்கு மேல் கச்சேரிகள், மீதி நாதஸ்வரமும் பழைய சினிமாப் பாட்டும். இரண்டு மாதம் உட்கார்ந்து எல்லாவற்றையும் லேப்டாப்பில் ஃப்ளாக் ஆக (தரம் குறையாமல் சுருக்குகிற ஃபைல் வகை) மாற்றினேன். மொத்தம் 45 ஜிபி. என் போனில் ஏற்றியாயிற்று. போனில் ஆண்ட்ராய்டு 13, 3.5 எம்எம் ஹெட்போன் ஓட்டை கிடையாது.

முதலில் ஆம்ப்ளிஃபயரின் ஆக்ஸில் (வெளிக் கருவியைச் செருகுகிற இடம்) ஒரு ப்ளூடூத் ரிசீவர் மாட்டினேன். அப்பா பத்து நிமிஷம் கேட்டுவிட்டு "தம்புரா எங்கடா போச்சு?" என்றார். சரி, ப்ளூடூத்தால்தான் என்று நினைத்து, டைப் சி-யில் செருகுகிற சின்ன டிஏசி டாங்கிள் (டிஜிட்டல் ஃபைலை ஆம்ப்ளிஃபயருக்கு ஏற்ற ஒலி அலையாக மாற்றுவது) ஒன்று வாங்கி, அதிலிருந்து ஆர்சிஏ கேபிள் போட்டு ஆக்ஸுக்குக் கொடுத்தேன். இப்போது வேறு தொல்லைகள். போனில் வால்யூமை முழுக்க வைத்தாலும் சத்தம் பத்தவில்லை. கொஞ்ச நேரம் நிறுத்திவிட்டு மறுபடி செருகினால் டாங்கிளைப் போன் கண்டுகொள்வதே இல்லை, ரீஸ்டார்ட் பண்ணினால்தான் வருகிறது. டாங்கிளில் ஒரு சின்ன விளக்கு இருக்கிறது. 44.1 என்றால் பச்சை, 48 என்றால் நீலம் என்று அட்டையில் போட்டிருக்கிறான். எந்த சிடியைப் போட்டாலும் நீலம்தான் எரிகிறது.

அப்பா இப்போதும் "சிடியில கேட்ட மாதிரி இல்ல" என்றுதான் சொல்கிறார். அவருக்கு 74 வயசு. மாலையில் அந்த இரண்டு மணி நேரப் பாட்டுதான் அவருக்குத் துணை. இன்னும் பெரிய டிஏசி வாங்கணுமா, போனையே மாற்றணுமா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ஈரோட்டான்:

ப்ரோ, ப்ளூடூத்தை முழுசா ஒதுக்க வேண்டாம். டெவலப்பர் ஆப்ஷன்ஸ் உள்ள போய் ப்ளூடூத் ஆடியோ கோடெக், அதாவது பாட்டைச் சுருக்கி அனுப்புற முறை, என்னன்னு பாருங்க. விலை கம்மியான ரிசீவர்ல பெரும்பாலும் எஸ்பிசிங்கிற அடிப்படை கோடெக் மட்டும்தான் இருக்கும், அது சாதாரணமா 328 கேபிபிஎஸ் (நொடிக்கு 328 கிலோபிட்) வரைக்கும்தான் போகும். உங்க சிடி 1411 கேபிபிஎஸ். எல்டாக்ங்கிற கோடெக் உள்ள ரிசீவர்னா 990 வரைக்கும் போகும், ஆண்ட்ராய்டு 8-லேருந்தே எல்டாக் இருக்கு. ஆனா போன், ரிசீவர் ரெண்டு பக்கமும் இருந்தாதான் வேலைக்கு ஆகும்.

நெல்லைக்காரி:

தம்பி, டாங்கிளைப் போன் கண்டுக்கலங்கிறதுக்கு மட்டும் நான் சொல்லுதேன், எனக்கும் இதே கதைதான். சில கம்பெனி போன்ல ஓடிஜி-ன்னு, போன்ல வெளிக் கருவியைச் செருக விடுறதுக்கு, தனியா ஒரு சுவிட்ச் செட்டிங்ஸ்ல இருக்கும். பத்து நிமிஷம் எதுவும் ஓடலன்னா அது தானா அணைஞ்சிரும், பேட்டரி மிச்சம் பிடிக்கதுக்காம். செட்டிங்ஸ்ல மேல உள்ள தேடுற இடத்துல ஓடிஜி-ன்னு அடிச்சுப் பாருங்க. வந்துச்சுன்னா மேலருந்து இழுக்குற குவிக் செட்டிங்ஸ்ல அதைக் கொண்டாந்து வச்சுக்கோங்க. செருகுறதுக்கு முன்னாடி ஒரு தட்டு. ரீஸ்டார்ட்லாம் வேண்டாம். நான் இது தெரியாம ரெண்டு டாங்கிளைத் திருப்பிக் குடுத்தேன், ரெண்டுமே நல்ல டாங்கிள்.

சுருதிப்பெட்டி:

காவிரிக்கரை தம்பி, 140 சிடியை உட்கார்ந்து மாற்றியிருக்கிறீர்கள். பாதி வேலை முடிந்துவிட்டது. புதிதாக எதையும் வாங்காதீர்கள், முதலில் இருப்பதைப் பார்ப்போம்.

நீல விளக்கைப் பற்றி. டாங்கிள் சரியாகத்தான் சொல்கிறது. ஆண்ட்ராய்டில் பாட்டு, வாட்ஸப் மணி, அலாரம், விளையாட்டுச் சத்தம் எல்லாம் ஒரே இடத்தில் வந்து கலந்துதான் வெளியே போகும். வாய்க்கால் எத்தனை இருந்தாலும் மதகு ஒன்று என்கிற மாதிரி. கலப்பதற்கு எல்லாம் ஒரே வேகத்தில் இருக்க வேண்டும், பெரும்பாலான போன்களில் அந்த வேகம் 48 கிலோஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு 48,000 ஒலி மாதிரிகள். உங்கள் சிடி 44.1. ஆக, ஒவ்வொரு 147 மாதிரியையும் 160 ஆகக் கணக்குப் போட்டு மாற்றித்தான் போன் அனுப்புகிறது. இது பிழை இல்லை, ஆண்ட்ராய்டின் அமைப்பே அப்படி.

ஆனால் தம்புரா காணாமல் போனதற்கு இது காரணம் என்று நான் நம்பவில்லை. இந்தக் கணக்கை ஒழுங்காகப் போட்டால் காதுக்கு வித்தியாசம் தெரிவது மிகக் கடினம். என் சந்தேகம் வேறு இடத்தில். போனின் செட்டிங்ஸில் சவுண்ட் பகுதிக்குப் போங்கள். அங்கே சவுண்ட் எஃபெக்ட், சரவுண்ட், ஈக்வலைசர், குரலைத் தூக்கிக் காட்டுகிற மோடு என்று ஏதாவது இருக்கும். பல போன்களில் அது வாங்கும்போதே ஆனில்தான் இருக்கும். போன் ஸ்பீக்கரில் சினிமா பார்ப்பதற்காகச் செய்தது அது. சின்னச் சத்தத்தைத் தூக்கும், பெரிய சத்தத்தை அமுக்கும், நடுவில் உள்ள குரலை முன்னே தள்ளும். பாடகருக்குப் பின்னால் மெல்லிசாக ஓடுகிற தம்புராவுக்கு அதைவிடப் பெரிய எதிரி இல்லை. ப்ளூடூத்திலும் டாங்கிளிலும் ஒரே குறையை அப்பா சொல்கிறார் என்பதைக் கவனியுங்கள். இரண்டு வழிக்கும் பொதுவானது போன்தான். அதை அணைத்துவிட்டு, வேறு எதையும் மாற்றாமல், அப்பாவுக்குத் தெரிந்த ஒரு சிடியைப் போட்டுக் காட்டுங்கள்.

அடுத்தது சத்தம் குறைவு. டாங்கிளுக்குள்ளேயே தனியாக ஒரு வால்யூம் இருக்கும். போனின் பட்டன் பல சமயம் அதைத் தொடுவதே இல்லை. உள்ளே அது பாதியில் நின்றால் வெளியே நீங்கள் எவ்வளவு ஏற்றினாலும் பாதிதான். இதற்கும் நீல விளக்குக்கும் சேர்த்து ஒரே மருந்து உண்டு: யுஎஸ்பி ஆடியோ பிளேயர் ப்ரோ என்கிற ஆப். காசு கொடுத்து வாங்க வேண்டும், ஆனால் ஒரு முறைதான். அதற்குச் சொந்தமாகவே யுஎஸ்பி டிரைவர் இருக்கிறது, ஆண்ட்ராய்டின் மதகைத் தொடாமல் நேராக டிஏசியோடு பேசும். டாங்கிளைச் செருகியதும் அனுமதி கேட்கும், சரி என்று கொடுங்கள். பிறகு செட்டிங்ஸில் பிட் பெர்ஃபெக்ட் (ஃபைலில் உள்ளதை எதுவும் மாற்றாமல் அனுப்புவது) என்பதை ஆன் செய்து, ஹார்ட்வேர் வால்யூமை முழுதாக ஏற்றுங்கள். ஆப்பின் ஈக்வலைசரும், பாட்டுக்குப் பாட்டு சத்தத்தைச் சமப்படுத்துகிற ரீப்ளேகெய்னும் ஆஃபில் இருக்கட்டும்.

ஒரு எச்சரிக்கை, இதை விளையாட்டாக எடுத்துக்கொள்ளாதீர்கள். இந்த மோடில் சில டாங்கிள்களில் வால்யூம் கட்டுப்பாடே இருக்காது, எடுத்த எடுப்பில் முழுச் சத்தம் போகும். ஆம்ப்ளிஃபயரின் குமிழை அடியில் வைத்துவிட்டுத்தான் பிளே அழுத்த வேண்டும். அதே டாங்கிளில் இயர்போன் மாட்டிக் காதில் வைத்துக்கொண்டு சோதிக்கவே கூடாது.

வயலின்பையன்:

சுருதிப்பெட்டி சார் சொல்றது சரிதான், ஆனா இந்தக் காலத்துல இன்னும் சிடியோட 16 பிட்ல இருக்கணுமா? லேப்டாப்ல எல்லாத்தையும் 24 பிட் 192 கிலோஹெர்ட்ஸ் ஆக கன்வெர்ட் பண்ணிப் போடுங்க ப்ரோ. டிஏசி ஃபுல் கெபாசிட்டில ஓடும். நான் அப்படித்தான் வெச்சிருக்கேன், செம தெளிவு. புது ஆண்ட்ராய்டுல பிட் பெர்ஃபெக்ட் போன்லயே வந்தாச்சுன்னும் சொல்றாங்க, தனி ஆப் எதுக்கு?

சுருதிப்பெட்டி:

வயலின்பையன் தம்பி, கோபித்துக்கொள்ளாதீர்கள், அந்த வேலையை அவர் செய்ய வேண்டாம். சிடியில் பதிந்திருப்பது 44.1. அதில் பாதி, 22 கிலோஹெர்ட்ஸ் அதிர்வு வரையான ஒலி அடங்கும், இளம் காதுக்குக் கேட்பதே 20 வரைதான். அதை 192 ஆக மாற்றினால் படி அரிசியை மரக்காலில் கொட்டிய மாதிரி: பாத்திரம் பெரிதாகும், அரிசி கூடாது. 45 ஜிபி பல மடங்கு ஆகி போன் நிரம்பும், அவ்வளவுதான். பதிவே 24 பிட்டில் செய்யப்பட்டு அப்படியே வெளிவந்தது என்றால் அது வேறு. அப்படி வேண்டுமானால் ஆப்பிள் மியூசிக்கில் லாஸ்லெஸ் (தரம் குறையாத ஒலி) இருக்கிறது, ஆண்ட்ராய்டு ஆப்பிலும் உண்டு.

வெளியிலிருந்து வாங்குகிற ஃபைல்களிலும் இந்த ஏமாற்று நடக்கிறது. ஸ்பெக் என்று இலவச மென்பொருள் ஒன்று உண்டு. லேப்டாப்பில் போட்டு ஃபைலைத் திறந்தால், ஒலி எந்த அதிர்வு வரை இருக்கிறது என்று படம் வரையும். 16 கிலோஹெர்ட்ஸில் கத்தியால் வெட்டிய மாதிரி நின்றால், ஃப்ளாக் என்று பெயர் இருந்தாலும் பெரும்பாலும் அது 128 கேபிபிஎஸ் எம்பி3-யாகப் பிறந்ததுதான். பழைய டேப்பிலிருந்து எடுத்ததில் மேலே ஒலி தானாகத் தேய்ந்து மங்கும், நேர்கோடாக வெட்டாது. இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது.

புது ஆண்ட்ராய்டு பற்றிச் சொன்னது உண்மை. ஆண்ட்ராய்டு 14-ல் யுஎஸ்பிக்குக் கலக்காமல் அனுப்பும் வசதி வந்திருக்கிறது. ஆனால் போன் செய்தவரும் அதை இயக்கியிருக்க வேண்டும், ஆப்பும் அதைக் கேட்க வேண்டும். இவருடையது 13.

காவிரிக்கரை:

மூன்று நாள் கழித்து வருகிறேன், மன்னிக்கவும். ஒவ்வொன்றாகத்தான் செய்தேன்.

நெல்லைக்காரி அக்கா, உங்களுக்குக் கோடி நன்றி. ஓடிஜி சுவிட்ச் அப்படியே இருந்தது, அணைந்துதான் கிடந்தது. இப்போது குவிக் செட்டிங்ஸில் வைத்துவிட்டேன், ஒரு தடவைகூட மக்கர் பண்ணவில்லை.

சுருதிப்பெட்டி ஐயா, சவுண்ட் எஃபெக்ட் ஆனில்தான் இருந்தது. போன் வாங்கி இரண்டு வருஷமாகிறது, நான் அந்தப் பக்கமே போனதில்லை. அணைத்துவிட்டு, அப்பாவிடம் எதுவும் சொல்லாமல் அவர் அடிக்கடி கேட்கிற ஒரு தோடி ஆலாபனையைப் போட்டேன். செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தவர் மடித்துக் கீழே வைத்துவிட்டார். "இப்பத்தான்டா மைக்குக்குப் பின்னால இருக்குற மேடை தெரியுது" என்றார். அப்போது சாதாரண பிளேயர்தான், நீல விளக்குதான்.

மறுநாள் அந்த ஆப்பை வாங்கிப் போட்டேன். பச்சை எரிகிறது! ஹார்ட்வேர் வால்யூம் பாதிக்கும் கீழே இருந்தது, ஏற்றியதும் சத்தம் தாராளம். முன்பு ஆம்ப்ளிஃபயரை மூன்று மணி இடத்தில் வைப்போம், இப்போது பத்து மணி போதும். நீலத்துக்கும் பச்சைக்கும் ஒலியில் வித்தியாசம் தெரிகிறதா என்று கேட்டால், எனக்குத் தெரியவில்லை, அப்பாவும் எதுவும் சொல்லவில்லை.

இன்னொரு நல்லதும் நடந்தது. கச்சேரி சிடிகளில் ஆலாபனை ஒரு டிராக், கீர்த்தனை அடுத்த டிராக். போனில் முன்பு வைத்திருந்த சாதாரண பிளேயரில் இரண்டுக்கும் நடுவே அரை நொடி அறுந்துபோகும், கைதட்டல் பாதியில் நிற்கும். இதில் இழையறாமல் போகிறது.

ஒரே ஒரு குறை மிச்சம். சார்ஜும் ஆகட்டும் என்று பிரியும் கேபிள் வாங்கினேன். சார்ஜர் போட்டவுடன் ஸ்பீக்கரில் 'ர்ர்ர்' என்று இரைச்சல். எடுத்தால் நின்றுவிடுகிறது. தம்புரா ஓடும்போது இதுவும் சேர்ந்து ஓடுகிறது.

ஈரோட்டான்:

அது கிரவுண்ட் லூப் ப்ரோ. ஆம்ப்ளிஃபயர் ப்ளக்ல எர்த் பின்னை எடுத்துட்டா நின்னுடும்னு எங்க ஏரியா ஸ்பீக்கர் கடைல சொல்வாங்க.

சுருதிப்பெட்டி:

அதைத் தயவுசெய்து செய்யாதீர்கள். எர்த் பின் உயிரைக் காப்பதற்காக இருப்பது. பழைய ஆம்ப்ளிஃபயரின் உடம்பு இரும்பு. உள்ளே ஒரு வயர் தளர்ந்தால் மின்சாரம் அந்த உடம்புக்கு வரும், 74 வயசுக்காரர் கை வைக்கிற குமிழுக்கும் வரும். இரைச்சலுக்காக எர்த்தைக் கழற்றுவதை நான் எந்த வீட்டிலும் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

காரணம் ஈரோட்டான் சொன்னதுதான். சார்ஜரின் இரைச்சல் போன் வழியாக டாங்கிளுக்கு வந்து, ஆர்சிஏ கேபிளின் வெளிச்சுற்று வழியாக ஆம்ப்ளிஃபயருக்குள் போகிறது. கேபிள் நடுவே மாட்டுகிற கிரவுண்ட் லூப் ஐசொலேட்டர் கடையில் கிடைக்கும், உள்ளே இரண்டு சின்ன டிரான்ஸ்ஃபார்மர் இருக்கும். ஆனால் விலை குறைந்தவற்றில் அடிக்குரல் ஒலி குறைந்துபோகும். மிருதங்கத்தின் இடப்பக்கமான தொப்பியில் கும்கி என்கிற ஆழ்ந்த நாதம் விழுவதை அது தின்றுவிட்டால் அப்பா உடனே கண்டுபிடிப்பார். உங்களுக்கு மாலையில் இரண்டு மணி நேரம்தானே? பகலில் சார்ஜ் ஏற்றி, பாட்டு ஓடும்போது பேட்டரியில் ஓட்டுங்கள்.

முடிந்தால் இன்னொன்றும் செய்யுங்கள். வீட்டில் பழைய போன் கிடந்தால் இதற்கென்றே ஒதுக்கிவிடுங்கள், சிம் வேண்டாம், ஏர்பிளேன் மோடில் கிடக்கட்டும். உங்களுக்கு அழைப்பு வந்து நடுவில் நின்றுபோகாது, நீங்கள் வெளியே போனாலும் அப்பாவே போட்டுக் கேட்கலாம். அந்தப் போனிலும் முதல் நாளே சவுண்ட் எஃபெக்ட் ஆஃப், பேட்டரி சேமிப்பிலிருந்து ஆப்புக்கு விலக்கு. இல்லாவிட்டால் திரை அணைந்த கொஞ்ச நேரத்தில் போனே பாட்டை நிறுத்திவிடும்.

காவிரிக்கரை:

அம்மாவின் பழைய போன் பீரோவில் இருக்கிறது ஐயா, கார்டு போடும் இடமும் உண்டு. 64 ஜிபி கார்டு வாங்கி 45 ஜிபியையும் அதில் ஏற்றப் போகிறேன். ஐசொலேட்டர் வேண்டாம், பேட்டரியிலேயே ஓட்டுகிறேன். எழுத்தைப் பெரிதாக வைத்து, பிளே எது, அடுத்தது எது என்று அப்பாவுக்குச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருக்கிறேன். நேற்று அவரே தேடி நாதஸ்வரம் போட்டுக்கொண்டார்.

ஒரே ஒரு கேள்வி பாக்கி. கீறல் விழுந்த மூன்று சிடி மாற்றும்போது நடுவில் டிக் டிக் என்று வருகிறது. அதற்கு வழி உண்டா?

சுருதிப்பெட்டி:

உண்டு. எக்ஸாக்ட் ஆடியோ காப்பி என்ற மென்பொருளில் செக்யூர் மோடு வைத்து மறுபடி எடுங்கள். சந்தேகமுள்ள இடத்தைத் திரும்பத் திரும்பப் படித்து ஒப்பிடும், ஒரு சிடிக்கு மணிக்கணக்கில் ஆனாலும் விட்டுவிடுங்கள். அதற்கு முன் சிடியை மெல்லிய துணியால் நடுவிலிருந்து விளிம்புக்கு நேராகத் துடையுங்கள், வட்டமாகத் தேய்க்காதீர்கள். அப்படியும் வரவில்லை என்றால் வேறு டிரைவில் போட்டுப் பாருங்கள். ஒரு டிரைவ் படிக்காததை இன்னொன்று படித்துவிடும்.