விலை இல்லாத பொம்மை, கறை போகாத சேலை: உங்கள் கைக்கு வந்த கதைகளைச் சொல்லுங்கள்

நெய்தல்:

போன வாரம் பழைய கைப்பை ஒன்றைத் தூக்கிப் போட எடுத்தபோது ஜிப்பில் அது தொங்கிக்கொண்டிருந்தது. சுண்டுவிரல் அளவுகூட இல்லாத துணிப் பொம்மை. கலர் துண்டுத்துணிதான் உடம்பு, பாவாடை எல்லாம். பெயர் சுனாமிகா.

அது எனக்கு வந்த கதையைச் சொல்கிறேன். உங்களிடமும் இப்படி ஏதாவது இருந்தால் எழுதுங்கள். டிசைன், ஓவியம், கைவேலை எதுவானாலும் சரி, நல்ல காரியத்துக்கென்று செய்ததாக இருக்க வேண்டும், நீங்களே பார்த்ததாக இருக்க வேண்டும். நன்கொடை ரசீது கதைகள் மட்டும் வேண்டாம்.

கடலூர் தேவனாம்பட்டினத்தில் என் பெரியம்மா மீன் விற்றுக்கொண்டிருந்தார். 2004 டிசம்பர் 26 காலையில் என்ன நடந்தது என்று இங்கே யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. அப்புறம் நடந்ததுதான் எனக்கு அதிகம் நினைவிருக்கிறது. படகுக்குக் கணக்கெடுத்தார்கள், வலைக்குக் கணக்கெடுத்தார்கள். தலையில் கூடை சுமந்து தெருத்தெருவாக விற்ற பெரியம்மாவுக்கு என்ன இழப்பு என்று எழுதுவது? ஒரு அன்னக்கூடை, ஒரு தராசு. படகு வந்து, மீன் வந்து, மீனை வாங்க ஜனங்களுக்குப் பயம் தெளிகிற வரைக்கும் அவருக்குக் கையில் வேலையே இல்லை. வாசலில் உட்கார்ந்து கடல் பக்கமே பார்த்துக்கொண்டிருப்பார்.

அதே நாட்களில் ஊர் ஊராக லாரியில் பழைய துணி வந்து ரோட்டோரம் குவிந்தது. மூட்டை மூட்டையாகக் கிழிந்ததும் பட்டன் போனதும். எங்கள் ஜனங்கள் தொடவில்லை. மழையில் நனைந்து நாறியது.

2006இல் கல்லூரித் தோழி ஒருத்தி ஆரோவில்லுக்கு அழைத்துப் போனாள். அங்கே உபாசனா என்று ஆடை வடிவமைப்பு நிறுவனம் ஒன்று உண்டு. நடத்துபவர் உமா பிரஜாபதி, பீகாரிலிருந்து வந்து அங்கேயே தங்கியவர். சுற்றியிருக்கும் மீனவக் குப்பங்களின் பெண்களுக்குச் சுனாமிக்குப் பிறகு ஏதாவது கைவேலை கற்றுத்தரலாம் என்று, தைத்து மிச்சமான வெட்டுத்துணியை வைத்து 2005இல் ஆரம்பித்ததுதான் இந்தப் பொம்மை. நான் போனபோது நான்கைந்து அக்காக்கள் சேர்ந்து உட்கார்ந்து செய்துகொண்டிருந்தார்கள். ஒருவர் நூலைப் பல்லால் கடித்து அறுத்த விதம் அப்படியே பெரியம்மா.

"எவ்ளோக்கா இது?" என்றேன்.

"விக்கிறதில்ல பாப்பா. எடுத்துக்கோ."

"சும்மாவா? அப்ப உங்களுக்குக் கூலி?"

"அதெல்லாம் வருது. நீ எடுத்துக்கோ."

விஷயம் இதுதான்: சுனாமிகாவுக்கு விலை கிடையாது. கொடுக்கத்தான் செய்வார்கள். பிடித்திருந்தால் நன்கொடை தரலாம், அதிலிருந்து பெண்களுக்குக் கூலி போகும். எனக்கு அப்போது இது சுத்தப் பைத்தியக்காரத்தனமாகத் தெரிந்தது. வியாபாரக் குடும்பம் இல்லையா, இலவசம் என்றாலே சந்தேகம். ஆனால் விலை போட்டிருந்தால் என்ன செய்திருப்பேன்? பத்து ரூபாய் கீசெயின் என்று நினைத்து எட்டுக்குக் கேட்டிருப்பேன். பேரம் பேச இடமே தராததால், அந்த அக்காவின் முகத்தைப் பார்த்து வாங்கிக்கொள்வதைத் தவிர எனக்கு வேறு வழியில்லை. இப்படிக் கைமாறிக் கைமாறி அந்தப் பொம்மைகள் லட்சக்கணக்கில் பல நாடுகளுக்குப் போயிருக்கின்றன.

என்னுடையதற்கு இப்போது முடி பாதி இல்லை. பையைத் தூக்கிப் போட்டேன், இதைக் கழற்றி வைத்துக்கொண்டேன்.

*

ஆலுவா தமிழன்:

நெய்தல் அக்கா, உங்கள் சுனாமிகாவுக்குக் கேரளத்தில் ஒரு தங்கை இருக்கிறாள். சேக்குட்டி.

2018 ஆகஸ்ட் வெள்ளத்தின்போது நான் கொச்சியில் வேலையில் இருந்தேன். பறவூர் பக்கம் சேந்தமங்கலம் என்று ஒரு ஊர் (நாமக்கல் சேந்தமங்கலம் இல்லை). கைத்தறிக்குப் பேர்போன ஊர். ஓணத்துக்கு விற்க வேண்டிய சேலை, வேட்டி எல்லாம் நெய்து, மடித்து, அடுக்கி வைத்த நேரத்தில் வெள்ளம் உள்ளே வந்தது. கசவுச் சேலை எப்படியிருக்கும் என்று தெரியும்தானே? பால் வெள்ளை, ஓரத்தில் தங்கக் கரை. அது சேற்றுத் தண்ணீரில் நாள்கணக்கில் ஊறினால் என்ன ஆகும்? துவைக்கலாம், வெளுக்கலாம், கறை போகாது. தறியும் போச்சு, சரக்கும் போச்சு. எரித்துவிடலாம் என்ற பேச்சுதான் இருந்தது.

அந்தத் துணியில் பொம்மை செய்யலாம் என்று இறங்கியவர்கள் லட்சுமி மேனனும் (நடிகை இல்லை, இவர் வடிவமைப்பாளர்) கோபிநாத் பாறயிலும். மலையாளத்தில் சேறு நம் சேறுதான், குட்டி நம் குட்டிதான். சேற்றைத் தாண்டி வந்த குட்டி, சேக்குட்டி. மொழிபெயர்க்கவே வேண்டாம்.

கணக்கைப் பாருங்கள். ஒரு சேலையில் 360 பொம்மை வரும். ஒன்று 25 ரூபாய். ஆக 9,000 ரூபாய். நல்ல நிலையில் இருந்திருந்தாலும் அந்தச் சேலை ஆயிரத்துச் சொச்சத்துக்குத்தான் போயிருக்கும். காசு நெசவாளர் கூட்டுறவுச் சங்கத்துக்குப் போனது. பொம்மை செய்ததோ சம்பளத்துக்கு ஆள் வைத்து இல்லை. பள்ளிக்கூடம், கல்லூரி, கம்பெனி என்று தன்னார்வலர்கள் கூடி உட்கார்ந்து செய்து கொடுத்தார்கள்.

எங்கள் ஆபீஸ் கேன்டீனிலும் ஒரு சனிக்கிழமை அது நடந்தது. சுத்தம் செய்து காயவைத்த துணித்துண்டுகளை மேசையில் கொட்டினார்கள். மடித்து, முறுக்கி, நூலால் இறுக்கிக் கட்டினால் தலை. மார்க்கரில் கண் இரண்டு வைத்தால் முகம். எழுதிப் படிக்க எளிது. என் முதல் குட்டிக்கு ஒரு கண் வழிந்து கன்னத்துக்கு வந்துவிட்டது.

இரண்டாவதைக் கவனமாகச் செய்தேன். துண்டில் பழுப்பாக ஒரு திட்டு இருந்தது, அதை மடிப்புக்குள் தள்ளி, வெள்ளைப் பக்கம் வெளியே வருகிற மாதிரி நறுவிசாகக் கட்டினேன். எதிரே உட்கார்ந்திருந்த சேச்சி, அவர்கள் வீட்டிலேயே இடுப்பளவு தண்ணீர் நின்றது, என் கையிலிருந்து வாங்கி, கட்டைப் பிரித்து, திருப்பி மடித்துக் கறை நெஞ்சுக்கு மேலே தெரிகிற மாதிரி கட்டிக் கொடுத்தார். "அது வெளியே இரிக்கட்டே" என்றார். அவ்வளவுதான், வேறு எதுவும் சொல்லவில்லை.

அந்தக் குட்டியைத்தான் நான் 25 ரூபாய் கொடுத்து வாங்கி வைத்திருக்கிறேன். வழிந்த கண்ணும் சேர்த்து 50 ரூபாய். அதை யாரும் வாங்கமாட்டார்கள் என்று தெரியும்.

*

பஞ்சுமிட்டாய்:

எல்லாரும் உருகுகிறீர்கள், நான் கொஞ்சம் உப்பு போடுகிறேன்.

ஒரு கண்காட்சியில் "ஆதரவற்ற பெண்கள் செய்தது" என்று எழுதிவைத்து ஒரு பை விற்றார்கள். 600 ரூபாய். வாங்கினேன். ஒரு மாதத்தில் கைப்பிடி பிய்ந்து கையோடு வந்தது, உள்ளே இருந்த தக்காளி பேருந்துக்குள் உருண்டது. கண்டக்டர் பார்த்த பார்வை இருக்கிறதே!

தைத்த பெண்ணின் மேல் எனக்குக் கோபமே இல்லை. கைப்பிடியில் எங்கே இரட்டைத் தையல் வர வேண்டும் என்று அவருக்குச் சொல்லித்தந்தவர்கள் சொல்லித்தரவில்லை. அட்டையில் அச்சிட்ட சோகக் கதைக்குச் செலவழித்த நேரத்தில் பாதியைத் தையலுக்குச் செலவழித்திருக்கலாம். பரிதாபப்பட்டு ஒருவர் ஒரு தடவைதான் வாங்குவார். பொம்மைக்கு இந்தத் தொல்லை இல்லை, அது எதையும் சுமக்க வேண்டாம்.

*

டிடிபி அண்ணாச்சி:

பஞ்சுமிட்டாய் சொன்னதுக்கு ஒரு சலாம். நான் மறுபக்கம் உட்கார்ந்திருப்பவன். இருபது வருஷமாகக் கோரல்டிரா என்கிற டிசைன் சாப்ட்வேரோடு குடித்தனம். கல்யாணப் பத்திரிகை, பூப்புனித நீராட்டு, கண்ணீர் அஞ்சலி, கும்பாபிஷேகம், எல்லாம் நம்ம கைதான்.

எங்கள் ஊரில் ரத்ததான அமைப்பு ஒன்று. நல்ல பசங்கள், நடுராத்திரி போன் செய்தாலும் ஓடுவார்கள். ஒரு பிளக்ஸ் வேண்டும் என்றார்கள். நல்ல காரியமாச்சே, காசு வேண்டாம் தம்பி என்று சொன்னேன். செய்த தப்பு அதுதான். காசு வாங்கினால் மூன்று கரெக்‌ஷன். வாங்காவிட்டால் முப்பது. தலைவர் படம் பெரிதாக, செயலாளர் படம் அதைவிடக் கொஞ்சம் சின்னதாக, பொருளாளர் வருத்தப்படாமல், புரவலர் கூலிங்கிளாஸ் போட்ட படத்தோடு. கடைசியில் எண்ணினேன், 17 தலை. ரத்தம் வேண்டுமானால் கூப்பிட வேண்டிய நம்பர், கீழே வலது மூலையில், மஞ்சள் மேல் வெள்ளை எழுத்தில்.

பிளக்ஸ் கட்டின மறுநாள் எங்கள் தெரு ஆட்டோக்காரர் கேட்டார், "அண்ணே, யாருக்கு என்ன எலெக்சன்?"

சுருக்கென்று இருந்தது. அன்றைக்கு ராத்திரி யாரையும் கேட்காமல் ஒரு ஸ்டிக்கர் போட்டேன். உள்ளங்கை அகலம், வெள்ளை, சிவப்பில் "ரத்தம் வேணுமா?" என்று மேலே, நம்பர் கீழே. நம்பரை மூன்று, மூன்று, நான்காகப் பிரித்து வைத்தேன், பதற்றத்தில் இருக்கிறவன் பத்து இலக்கத்தையும் சேர்த்துப் படிக்கமாட்டான். லோகோ இல்லை, படம் இல்லை, என் கடைப் பெயரும் இல்லை. பசங்களிடம் சொல்லி அரசு ஆஸ்பத்திரி ஸ்டாண்டில் நிற்கிற ஆட்டோக்களில் ஓட்டுநர் சீட்டுக்குப் பின்னால், உட்காருகிறவன் கண்ணுக்கு நேராக ஒட்டச் சொன்னேன். தலைவர் ஒரு மாதம் என்னோடு பேசவில்லை. அப்புறம் அவரே வந்து இன்னும் 200 கேட்டார்.

*

வேளச்சேரி வண்டி:

இதை எழுதலாமா என்று இரண்டு நாளாக யோசித்தேன். சரி, எழுதுகிறேன்.

சென்னையில் பறக்கும் ரயிலில் போகிறவர்களுக்கும் ஓஎம்ஆரில் போகிறவர்களுக்கும் இந்திரா நகர் ஸ்டேஷன் தெரிந்திருக்கும். 2020இல் அந்த ஸ்டேஷன் சுவர் முழுக்கப் பெரிய பெரிய முகங்களாக வரைந்தார்கள். வரைந்தவர்கள் ஏ-கில், கத்ரா என்ற இரண்டு ஓவியர்கள். தமிழ்நாடு எய்ட்ஸ் கட்டுப்பாட்டுச் சங்கத்தின் திட்டம். இதில் சூட்சுமம் என்னவென்றால், அந்த முகங்களில் சிலர் ஹெச்ஐவியோடு வாழ்கிறவர்கள், சிலர் இல்லை. யார் யார் என்று எங்கும் எழுதவில்லை. எழுதப்போவதும் இல்லை.

என்னோடு ஆபீசிலிருந்து ஒருவர் வருவார். நல்லவர்தான். அதைச் சொன்னவுடன், பச்சை சிக்னலுக்குள் கண்டுபிடித்துவிடுகிற மாதிரி ஒவ்வொரு முகமாக விரல் நீட்டினார். "இவரா? இல்ல, அந்தக் கண்ணைப் பாருங்க, அவங்களா?" வண்டி நகர்ந்தது. அடுத்த நாளும் பார்த்தார். ஒரு வாரம் கழித்து, "தெரியலையே சார்" என்று சிரித்தார். நான் பதில் சொல்லவில்லை.

என் பெரியப்பா மகனுக்கு இருந்தது. தொண்ணூறுகளின் கடைசி. இந்தியாவில் முதல் ஹெச்ஐவி தொற்று 1986இல் இந்தச் சென்னையில்தான் தெரியவந்தது, டாக்டர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி நிர்மலாவும் கண்டறிந்தார்கள். அதற்குப் பத்து வருஷத்துக்கு மேல் ஆகியும் எங்கள் வீட்டுக்கு அந்த அறிவு வந்து சேரவில்லை. அண்ணனுக்குத் தனி டம்ளர். பின்கட்டில், கிணற்று மேடையில் கவிழ்த்து வைத்திருக்கும். அதன் அடியில் பாட்டி நகப்பூச்சால் ஒரு சிவப்புப் புள்ளி வைத்திருந்தாள், மற்றதோடு கலந்துவிடக் கூடாது என்று. அந்தக் காலத்து விளம்பரங்களும் அப்படித்தான், மண்டை ஓடும் பயமுறுத்தலும். புள்ளி வைக்கச் சொல்லிக்கொடுத்ததே அவைதான் என்று எனக்கு இப்போது தோன்றுகிறது.

அந்தச் சுவரில் புள்ளி இல்லை. பெயிண்ட் கொஞ்சம் மங்கியிருக்கிறது. அண்ணன் இருந்திருந்தால் அவனைக் கூட்டிப்போய்க் காட்டியிருப்பேன்.

*

ஆலுவா தமிழன்:

வேளச்சேரி அண்ணா, என்ன சொல்வதென்று தெரியவில்லை. படித்துவிட்டேன் என்று மட்டும் சொல்லிக்கொள்கிறேன்.

பஞ்சுமிட்டாய்க்கு ஒரு பதில். சேக்குட்டி செய்த அதே லட்சுமி மேனன் 2020 கொரோனா நேரத்தில் இன்னொன்று செய்தார், அது சுமக்கிற பொருள்தான். பிபிஇ என்கிற கொரோனா பாதுகாப்பு உடை தைக்கிற இடங்களில் வெட்டுத்துணி மலையாகக் கிடந்தது. அதை வாரி எடுத்து, நம் வீட்டில் சடை பின்னுவோமே, அதே பின்னல் போட்டு, நீளக் கயிறாக்கி, வளைத்து வளைத்து வைத்துக் கட்டினால் மெத்தை. பெயர் சய்யா. ஊசி நூல் தையல் கிடையாது, அதனால் பிய்கிற கைப்பிடியும் கிடையாது. பஞ்சாயத்துகளில் திறந்த கொரோனா மையங்களுக்கு ஒவ்வொன்றிலும் 50 கட்டில் வேண்டியிருந்தது, மெத்தைக்கு எங்கே போவது? இதை சோப்புத் தண்ணீரில் கழுவித் திரும்பப் போடலாம். சடை பின்னத் தெரிந்த யாரும் செய்யலாம்.

*

பஞ்சுமிட்டாய்:

சரி, மெத்தைக்கு மன்னிப்பு உண்டு. பைக்கு இல்லை.

*

நெய்தல்:

எல்லாவற்றையும் படித்தேன். கறையை வெளியே திருப்பிக் கட்டிய சேச்சியும் புள்ளி வைத்த டம்ளரும் ராத்திரி முழுக்க ஓடிக்கொண்டிருந்தது.

பெரியம்மா கதையை முடிக்கவில்லை என்று ஒருவர் தனியாகக் கேட்டிருந்தார். அவர் பொம்மை செய்யப் போகவில்லை. ஆரோவில் எங்கே, கடலூர் எங்கே. நான் கொண்டுபோய்க் காட்டியதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "முடிச்சு சரியில்லடி, வலைல இப்படிப் போட்டா மீன் நிக்குமா?" என்று சொல்லி, பின்பக்கம் ஒரு முடிச்சு தானே போட்டுக் கொடுத்தார். முடி கொட்டியும் அந்த முடிச்சு மட்டும் இன்னும் அப்படியே இருக்கிறது.

அண்ணாச்சி, அந்த ஸ்டிக்கர் பைல் கிடைக்குமா? எங்கள் ஊர் ஆஸ்பத்திரி ஸ்டாண்டுக்கு நம்பர் மட்டும் மாற்றி அடிக்கலாம் என்று பார்க்கிறேன்.

*

டிடிபி அண்ணாச்சி:

நம்பரை அனுப்பும்மா, மாற்றித் தருகிறேன். காசு வேண்டாம். ஆனால் யாராவது ஒருத்தர் படம் வைக்கச் சொன்னால் தலைக்கு 500.