ஒலிம்பஸ் மலைச் செடி கோத்தகிரியில் வருமா?

கோத்தகிரிவாசி: கிரேக்க நாட்டு ஒலிம்பஸ் மலைத் தேநீர்ச் செடியின் (சைடெரிடிஸ்) விதை கிடைத்திருக்கிறது. தேயிலைக்கு ஓரமாக நடலாமா?

மலைப்பூண்டு: வேண்டாம், அழுகிவிடும். தேயிலைக்கு உறவே இல்லை, துளசிக் குடும்பம். சுண்ணாம்புப் பாறை இடுக்கில் வளர்வது. நம் மண்ணோ புளிப்பு, போதாக்குறைக்கு இரண்டு பருவமழை. தொட்டியில் ஒரு பங்கு மண், இரண்டு பங்கு கரட்டு மணல், ஒரு கைப்பிடி விவசாயச் சுண்ணாம்பு. விதையை மெலிதாக மூடினால் போதும். இலையெல்லாம் வெள்ளை ரோமம்; ஈரம் தங்கினால் பூஞ்சை பிடிக்கும். மேலே பாலித்தீன் கூரை, பக்கம் திறப்பு. பூத்த தண்டை நிழலில் காயவைத்துக் கொதிக்கவிட்டுக் குடிப்பார்கள்.

வரையாடு: புல்வெளிப் பக்கம் மட்டும் விதை போகாமல் பார்த்துக்கோங்க. ஐரோப்பாவிலிருந்து வந்து பரவிய கோர்ஸ் முட்புதர் படுத்தும் பாடே போதும்!

கோத்தகிரிவாசி: ஒலிம்பஸ் மலையில் வரையாடு உண்டா?

வரையாடு: இல்லை, ஷாமுவா என்ற ஆட்டினம். 2,917 மீட்டர் மலை, தொட்டபெட்டா 2,637தான். அதன் ஸ்டெஃபானி சிகரத்தைக் கிரேக்கக் கடவுள் ஸியூஸின் அரியணை என்பார்கள்.