அன்னைக்கு காது வலிச்ச ட்ராக், இன்னைக்கு லூப்ல ஓடுது: உங்களுக்கும் இப்படி ஆயிருக்கா?

ரொம்ப நாளா கேக்கணும்னு நெனச்ச விஷயம். பழைய டிஸ்கோ, ஹவுஸ், டெக்னோ, ட்ரான்ஸ்னு டான்ஸ் மியூசிக் வகை எல்லாம் வருஷக்கணக்கா கேக்குறவங்க இங்க நெறைய பேர் இருக்கீங்க. ஒரு ட்ராக் மேல இருந்த அபிப்பிராயம் தலைகீழா மாறினது உண்டுன்னா எழுதுங்களேன், என் கதைய முதல்ல சொல்லிடுறேன்.

ஃப்யூச்சர்னு ஒரு சிகாகோ கோஷ்டி 1987ல போட்ட 'ஆசிட் ட்ராக்ஸ்'. பத்து நிமிஷத்துக்கு மேல ஓடும், பாட்டு கிடையாது மெலடி கிடையாது, ஒரு ட்ரம் மெஷின், அதுக்கு மேல கொசு தொண்டைக்குள்ள மாட்டுன மாதிரி நெளியற ஒரு சத்தம், அவ்ளோதான். ஒரு ஃப்ரெண்ட் போட்டு காட்டினப்ப ரெண்டு நிமிஷத்துல ஹெட்ஃபோன கழட்டி குடுத்துட்டேன். "மெஷின் ரிப்பேரா?"ன்னு வேற கேட்டேன், அவன் மூஞ்சி சுருங்கிப் போச்சு பாவம்.

அது ரிப்பேர் மாதிரிதான்னு பின்னாடி தெரிஞ்சுது, அதுதான் வேடிக்கை. ரோலண்ட் கம்பெனி டிபி-303ன்னு ஒரு சின்ன வெள்ளிக்கலர் பொட்டி விட்டாங்க, கிடார் வாசிக்கிறவங்க தனியா ப்ராக்டிஸ் பண்றப்ப பின்னாடி பேஸ், அதான் அடியில ஓடுற கீழ்ச்சத்தம், வாசிக்க ஆள் இல்லையா, அந்த வேலைக்கு. நெஜ பேஸ் கிடார் மாதிரி கேக்கவே இல்ல, யாரும் வாங்கல, 1984லயே நிறுத்திட்டாங்க. செகண்ட் ஹேண்டுல சல்லிசா கெடச்சத வாங்கி, பாட்டு ஓடிட்டு இருக்கும்போதே அதோட நாப்பையெல்லாம் இஷ்டத்துக்கு திருகினதுதான் அந்த கொசு சத்தம். ஆசிட் ஹவுஸ்னு ஒரு வகையே அதுலேர்ந்து பொறந்துச்சு.

சிகாகோ மியூசிக் பாக்ஸ் கிளப்ல டிஜே ரான் ஹார்டி இத மொத தடவ போட்டப்ப ஆடிட்டு இருந்தவங்க எல்லாம் ஃப்ளோர விட்டு எறங்கிட்டாங்களாம். மனுஷன் விடல, அதே ராத்திரி திரும்பத் திரும்ப போட்டிருக்காரு, நாலாவது தடவ போட்டப்ப ஜனம் வெறி புடிச்சு ஆடியிருக்கு. அந்த கோஷ்டில இருந்த டிஜே பியர் இத பல பேட்டில சொல்லியிருக்காரு. ஆக அவங்களுக்கு ஒரே ராத்திரி எடுத்துச்சு. எனக்கு பதினாலு வருஷம் எடுத்துச்சு! ஒரு நாள் காய்ச்சல்ல படுத்துட்டு ப்ளேலிஸ்ட்ட அது பாட்டுக்கு ஓட விட்டிருந்தேன், மாத்த எந்திரிக்க தெம்பு இல்ல, ஆறாவது நிமிஷம் வாக்குல அந்த சத்தம் பேசுற மாதிரி இருந்துச்சு. நெஜமா சொல்றேன், காய்ச்சல் போனதுக்கப்புறமும் பேசுது.

* * *

எனக்கு நேர் எதிரா நடந்துச்சு ப்ரோ. புடிச்சது, அப்புறம் அசிங்கமாச்சு, மறுபடி புடிச்சது.

ஸ்கூல் முடியற வயசுல எனக்கு ட்ரான்ஸ் தவிர எதுவும் கெடையாது. எனர்ஜி 52 போட்ட 'கஃபே டெல் மார்', அந்த மெலடி வரும்போது கண்ண மூடிட்டு கைய தூக்குற ஜாதி நான். அப்புறம் டெக்னோ கேக்குற கூட்டத்தோட பழக்கம் வந்துச்சு, அங்க ட்ரான்ஸ்னு சொன்னாலே சிரிப்பாங்க, "சக்கரப் பாகு"ன்னு ஒருத்தன் சொன்னான். நானும் அவங்களோட சேந்து சிரிச்சேன்! வீட்ல ஃபோல்டர் பேர "ஆபீஸ் பேக்கப்"னு மாத்தி வெச்சேன், இத சொல்ல இன்னும் வெக்கமா இருக்கு. ஒரு ஏழெட்டு வருஷம் அப்படியே போச்சு, மெலடி வந்தாலே அது மட்டமான ட்ராக்குன்னு முடிவு பண்ணிடுற அளவுக்கு முத்திப் போச்சு.

மாறினது எப்படின்னா, நான் அத்தன வருஷம் ஒரிஜினல்னு நெனச்சுட்டு இருந்தது த்ரீ அண்ட் ஒன் பண்ண 1997 ரீமிக்ஸ், ஒரிஜினல் 1993, அது இன்னும் கொஞ்சம் மொரட்டுத்தனமா இருக்கும். அதுக்கும் முன்னாடி போனா, அந்த மெலடியே விம் மெர்ட்டன்ஸ்னு பெல்ஜியம் கம்போசர் 1983ல போட்ட ஒரு பீஸ்லேர்ந்து வந்ததுன்னு தெரிஞ்சுது. அத போய் கேட்டேன், பீட் இல்ல, ஒண்ணும் இல்ல, அந்த சின்ன மெலடி மட்டும் சுத்திச் சுத்தி வருது. உக்காந்து அழுதுட்டேன். சக்கரப் பாகுன்னு சொன்னவன்ட்ட இத போட்டு காட்டினா "மினிமலிசம்"னு கும்பிட்டிருப்பான், அது வேற விஷயம்.

ஆனா ஒண்ணு சொல்லணும், எல்லாமே திரும்பி வரல. நாப்பத்தெட்டு பார் (நாலு அடி சேந்தா ஒரு பார்) பில்டப்பு, ஸ்நேர் ட்ரம் ரோல் டரரரரன்னு ஏறிட்டே போய் வெடிக்கிறது இருக்கு பாருங்க, அது இப்ப வந்தா தாண்டி போயிடுறேன். பதினேழு வயசுல அதுக்காகத்தான் உயிர விட்டேன்.

* * *

மேல எழுதின தம்பி, "ஆபீஸ் பேக்கப்" படிச்சு வாய்விட்டு சிரிச்சேன் 😄 என்கிட்ட "டாக்ஸ் 2009"ன்னு ஒண்ணு இருக்கு. உள்ள ஈஃபில் 65ங்கற பாப் டான்ஸ் கோஷ்டியோட முழு ஆல்பம்.

* * *

நான் ஒரு ஆறு வருஷம் டிஜேவா வாசிச்சவன், இப்ப விட்டாச்சு. டேஸ்ட் மாறுறதுல வயசு பாதி, வேலை பாதின்னு நெனக்கிறேன்.

சின்ன வயசுல ரெகார்டுகள்ல மொத ஒண்ணரை நிமிஷம் வெறும் ட்ரம் மட்டும் ஓடுறது எரிச்சலா இருக்கும், எப்படா பாட்டு ஆரம்பிக்கும்னு ஊசிய தள்ளி வெப்பேன். வாசிக்க ஆரம்பிச்சப்புறம்தான் அது கேக்குறதுக்கு இல்ல, போன ட்ராக்க இதோட கோக்குறதுக்கு விட்டு வெச்ச எடம்னு புரிஞ்சுது. அதுக்கப்புறம் இன்ட்ரோ நல்லா இருந்தாதான் ட்ராக்கே புடிக்கும்ங்கற நெலமை. மக்கள் கொண்டாடுற எத்தனையோ ட்ராக்க, மிக்ஸ் பண்ண ஒத்துவரலன்னு ஒரே காரணத்துக்காக ஒதுக்கியிருக்கேன், இப்ப யோசிச்சா என்ன திமிருன்னு இருக்கு.

அதே வேலைதான் 'ஸ்ட்ரிங்ஸ் ஆஃப் லைஃப்'அ எனக்கு காமிச்சு குடுத்துச்சு. டெட்ராய்ட்டு ஆளு டெரிக் மே பண்ணது, 1987ல ரிதிம் இஸ் ரிதிம்ங்கற பேர்ல வந்தது. அதுல பேஸ்லைனே கெடையாது தெரியுமா? நூறு தடவ ஆடியிருப்பேன், கவனிச்சதே இல்ல. ஒரு நாள் வேற ட்ராக்லேர்ந்து அதுக்கு மாறும்போது பேஸ் நாப்ப ஏத்துறேன் ஏத்துறேன் ஒண்ணும் வரல, ஸ்பீக்கர் போச்சோன்னு பயந்துட்டேன். பேஸ் இல்லாமயே இத்தன பேர ஆட வெக்கிறான்யா மனுஷன்! பியானோவும் ஸ்ட்ரிங்ஸும் அந்த அடியில இருக்குற ஓட்டைய பாக்க விடாம இழுத்துட்டு போயிடும்.

விட்டதுக்கப்புறம் என்ன ஆச்சுன்னா, இன்னும் எட்டு பார் எட்டு பாரா எண்ணிட்டுதான் கேக்குறேன். நிறுத்த முடியல. இன்னொண்ணு, ஹவுஸ் ட்ராக்க எல்லாம் நான் எப்பவும் ரெண்டு மூணு பர்சென்ட் வேகமா வெச்சுதான் வாசிப்பேன், வேகத்த மாத்துற பிட்ச் ஸ்லைடர் எப்பவும் ப்ளஸ்லயே நிக்கும். இப்ப அதே ட்ராக்க ஃபோன்ல அசல் வேகத்துல கேட்டா யாரோ தூக்கக் கலக்கத்துல வாசிக்கிற மாதிரி இருக்கு. தப்பு ட்ராக்ல இல்ல, நான் நேசிச்ச வெர்ஷன் எந்த ரெகார்டுலயும் கெடையாது, என் டர்ன்டேபிள்ல மட்டும்தான் இருந்துச்சு.

* * *

நான் கொஞ்சம் வேற மாதிரி. சத்தம் மாறல, அதுக்குப் பின்னாடி இருக்குற விஷயம் தெரிஞ்சதுல மாறிடுச்சு.

பிளாக் பாக்ஸோட 'ரைட் ஆன் டைம்', 1989ல இங்கிலாந்துல ஆறு வாரம் நம்பர் ஒன். அந்த வீடியோல வர்ற பொண்ணுதான் பாடுறாங்கன்னு எல்லாரும் மாதிரி நானும் நெனச்சேன். குரல் அவங்களோடது இல்ல, 1980ல லொலீட்டா ஹாலோவே பாடினத வெட்டி ஒட்டினது. அதே கோஷ்டியோட அடுத்தடுத்த பாட்டுல பாடினது மார்த்தா வாஷ், வீடியோல வாயசைச்சது மறுபடி அதே மாடல். சி அண்ட் சி மியூசிக் ஃபேக்டரியோட பெரிய ஹிட்டுலயும் அந்த "எவ்ரிபடி டான்ஸ் நவ்" தொண்டை மார்த்தாவோடதுதான், வீடியோல வேற ஒருத்தவங்க. மார்த்தா கோர்ட்டுக்கு போய்தான் பேர் வாங்க வேண்டியிருந்துச்சு.

இத தெரிஞ்சுகிட்டப்புறம் கொஞ்ச நாள் அந்த பாட்டெல்லாம் கேக்கவே புடிக்கல. இப்ப திரும்ப கேக்குறேன், ஆனா முன்னாடி பீட்டுக்கு ஆடினவ இப்ப அந்த குரல் மூச்சு எங்க எடுக்குது, எங்க வெட்டியிருக்காங்கன்னு கேக்குறேன். ஹாலோவே குரல் ஒரு எடத்துல பாதி சொல்லுலயே அறுபடும், அது ஸ்டைலுன்னு நெனச்சிருந்தேன்.

அமென் ப்ரேக்கும் அப்படித்தான். 1969ல தி வின்ஸ்டன்ஸ் ரெகார்டு ஒண்ணோட பின்பக்கத்துல ஒரு ஆறேழு செகண்ட் ட்ரம், அதுதான் அமென் ப்ரேக். அத வெட்டி எடுத்து ஓட்டித்தான் ஜங்கிள், ட்ரம் அண்ட் பேஸ்னு வேகமான டான்ஸ் மியூசிக் உலகமே நிக்குது. வாசிச்ச கிரிகரி கோல்மன் 2006ல வீடு வாசல் இல்லாம செத்தாரு, சல்லிக்காசு வந்ததில்ல. 2015ல ரசிகருங்க பணம் தெரட்டி பேண்ட் தலைவர் ரிச்சர்ட் ஸ்பென்சருக்கு 24,000 பவுண்டு குடுத்தாங்க, அதுக்கு கோல்மன் இல்ல. காலேஜ்ல ஜங்கிள்னா எனக்கு வெறும் வேகம். இப்ப எந்த ட்ராக்ல அந்த ப்ரேக் வந்தாலும் ஒரு மனுஷன் கை கேக்குது.

* * *

அக்கா, அருமையா எழுதியிருக்கீங்க. நம்மாளு கதை ஒண்ணு சேத்துடுறேன், சின்னதுதான். சரண்ஜித் சிங், இந்தி சினிமா ரெகார்டிங்ல வாசிச்சவரு, 1982ல பத்து ராகத்த டிஸ்கோ பீட்ல போட்டு ஒரு ஆல்பம் பண்ணாரு. கையில இருந்தது அதே டிபி-303, கூட டிஆர்-808ன்னு ஒரு ட்ரம் மெஷின். அன்னைக்கு யாரும் சீண்டல. 2010ல மறுபடி வெளியிட்டப்பதான் உலகமே வாயப் பொளந்துச்சு, சிகாகோகாரங்களுக்கு அஞ்சு வருஷம் முன்னாடி அச்சு அசல் ஆசிட் ஹவுஸ் மாதிரி இருக்கேன்னு. இப்ப யாரோ பண்ணிட்டு பழசுன்னு கதை விடுறாங்கன்னு சந்தேகப்பட்டவங்களும் உண்டு.

எனக்கு மொதல்ல கேட்டப்ப சிரிப்புதான் வந்துச்சு, ராகத்த மெஷின்ல ஏத்தி ஓட விட்ட மாதிரி. பாட்டு கத்துக்கிட்டவன்ங்கற கொழுப்பு வேற. கமகத்த மெஷின்ல எங்கடா தேடுறதுன்னு இருந்தவனுக்கு, ஒரு ஸ்வரத்துலேர்ந்து இன்னொண்ணுக்கு அந்த 303 வழுக்கிட்டு போறத பத்தாவது தடவ கேக்கும்போதுதான் பொறி தட்டுச்சு. அந்த பொட்டில ஸ்லைடுன்னே ஒரு வசதி இருக்கு. அவரு அத தெரிஞ்சேதான் புடிச்சிருக்காரு.

* * *

எல்லாரும் எழுதினத படிச்சேன் பிள்ளைங்களா. எனக்கு 63 வயசு, அதனால கொஞ்சம் பழைய கதை.

1977ல 'ஐ ஃபீல் லவ்' வந்தப்ப எனக்கு வயசு பதினஞ்சு. டோனா சம்மர் குரலுக்காக கேட்டேன், அந்த மூச்சுக்காத்து மாதிரி பாடுறாங்களே அதுக்காக. ரெண்டே வருஷத்துல டிஸ்கோ கேவலம்னு ஆயிடுச்சு, 1979 ஜூலைல சிகாகோ பேஸ்பால் மைதானத்துல டிஸ்கோ ரெகார்டுகள குமிச்சு வெடி வெச்சாங்க தெரியுமில்ல. அவ்ளோ தூரத்துல நடந்தது, ஆனா ராக் கேக்குற என் அண்ணன் அத சொல்லிச் சொல்லியே என் ரெகார்டுகள பரண்ல ஏத்த வெச்சான். அண்ணன் சொன்னா சரியாத்தான் இருக்கும்னு நானும் ஏத்திட்டேன். இறக்கினப்ப எனக்கு நாப்பது தாண்டியிருந்துச்சு.

அப்ப கேட்டது குரல் இல்ல, அந்த மெஷின். கிக் ட்ரம்ம மட்டும்தான் ஆள் வாசிச்சது, மத்ததெல்லாம் பாட்ட தயாரிச்ச ஜார்ஜியோ மொரோடர் கூட்டம் மூக்ங்கற சிந்தசைசர் மெஷின்ல எடுத்தது. பதினஞ்சு வயசுல பின்னாடி ஏதோ ஓடுதுன்னு இருந்தது, நாப்பதுல அதுதான் முன்னாடி நின்னுச்சு.

இப்ப இன்னொரு மாதிரி ஆயிருக்கு. மேல்சத்தம் காதுல விழறதில்ல, ஹை-ஹாட்னு ட்ரம்ல வர்ற தட்டு சத்தம் எல்லாம் போயே போச்சு, பழைய ட்ராக் எல்லாம் கம்பளி போத்தின மாதிரி இருக்கு. டெக்னோல பாதிப்பேர் கிட்ட எனக்கு இனிமே வேலை இல்ல, சிஸ்-சிஸ்னு போறதுதான் அதோட உயிரே. கீழ்ச்சத்தம் மட்டும் முந்தி மாதிரியே நிக்குது. போன மாசம் இயர்ஃபோன் ஒரு பக்கம் செத்துப் போச்சு, அதோட 'ஐ ஃபீல் லவ்' போட்டா அந்த குதிரை ஓட்டம் காணோம்! பாதிதான் ஓடுது, நொண்டுற மாதிரி. காதுதான் போச்சுன்னு பதறிட்டேன். பேரன்தான் தேடிப் பாத்து சொன்னான், அந்த பேஸ்லைன் ஒரு பக்கம் அசலாவும் மறு பக்கம் நூலிழை தள்ளி அதோட எதிரொலியாவும் வெச்சிருக்காங்களாம், ரெண்டும் சேந்தாதான் அந்த ஓட்டம். பதினஞ்சு வயசுலேர்ந்து தெரிஞ்ச பாட்டு, இது தெரியாம இருந்திருக்கேன். புது இயர்ஃபோன் வந்துடுச்சு, இருந்தாலும் அப்பப்ப ஒரு பக்கத்த கழட்டிட்டு கேக்குறேன்.

* * *

அம்மா, இப்பதான் வலது பக்கத்த கழட்டிட்டு போட்டேன். ஆமா நொண்டுது. திரும்ப மாட்டினேன், ஐயோ. மறுபடி கழட்டினேன். மணி ரெண்டாகுது, காலைல எனக்கு வேலை இருக்கு.