தாத்தா கட்டிய வீடு: முன்வாசலில் எதை முதலில் செய்யலாம்?

கேள்வி: சுண்ணாம்புச் சுவர் வீடு. வாசலை ஒட்டிய அறையில் தரையிலிருந்து 2 அடி வரை பெயிண்ட் உரிந்து உப்பு பூக்கிறது. கதவிலும் அடுக்கடுக்காகப் பழைய பெயிண்ட். இடிக்காமல் புதுசாக்க ஆசை.

பதில்: பெயிண்டைத் தள்ளிப்போடுங்கள். தரையிலிருந்து ஏறும் ஈரமாக இருக்கலாம், வெளியே சுவரோரம் தண்ணீர் தேங்குகிறதா பாருங்கள், அதைச் சரிசெய்து சுவர் நன்றாகக் காய்ந்த பிறகு (மாதக்கணக்கில்கூட ஆகும், பொறுமை வேண்டும்) சுண்ணாம்பையே பூசுங்கள். சிமென்ட் பூச்சு ஈரத்தை உள்ளே அடைத்துவிடும்.

பதில்: கதவை உப்புத்தாளால் தேய்க்காதீர்கள்! பழைய பெயிண்டில் ஈயம் இருக்கலாம், அந்தத் தூசி குழந்தைகளுக்கு ரொம்ப ஆபத்து. முதலில் சோதித்துப் பாருங்கள். அப்புறம், என்ன செய்தாலும் அந்தப் பழைய கதவை மாற்றிவிடாதீர்கள்.

கேட்டவர்: மாற்றவே மாட்டேன். சரி, நாளைக்கே வெளிச்சுவரைப் பார்க்கிறேன்.