டெல்லி, ஆக்ரா, ஜெய்ப்பூர், கூடவே ஒரு மலை ஊர்: டிசம்பர் கடைசி வாரத்துக்கு இந்தத் திட்டம் சரிவருமா?

கொங்குத்தென்றல் கேட்டது:

எல்லோருக்கும் வணக்கம். அரையாண்டு விடுமுறையில வட இந்தியா போகலாம்னு இருக்கோம். மொத்தம் அஞ்சு பேர். நாங்க ரெண்டு பேர், 9 வயசுப் பையன், அப்பா (66, முழங்கால் வலி, மெதுவாத்தான் நடப்பார்), அம்மா (61). சென்னையிலிருந்து தமிழ்நாடு எக்ஸ்பிரஸ்ல போய் அதுலயே திரும்புறதா எண்ணம்.

சனி காலை டெல்லி, மதியம் அக்ஷர்தாம் கோயில். ஞாயிறு, திங்கள் சிம்லா. செவ்வாய், புதன் மணாலி. வியாழன் டெல்லி வந்து ஓய்வு. வெள்ளி ஆக்ரா போயிட்டு ராத்திரியே டெல்லி. சனி, ஞாயிறு ஜெய்ப்பூர். மறுநாள் திங்கள் செங்கோட்டை, குதுப்மினார் பார்த்துட்டு ராத்திரி ரயில்.

அம்மாவுக்கு எப்படியாவது கங்கையில கால் நனைக்கணும். பையனுக்குப் பனி பார்க்கணும். எதை வெட்டலாம், எதை மாத்தலாம்னு தெரிஞ்சவங்க சொல்லுங்க.

---

தண்டவாளம் எழுதியது:

சகோதரி, முதலில் கிழமைகளைப் பாருங்கள். தாஜ்மஹாலுக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை. செங்கோட்டைக்குத் திங்கள் விடுமுறை. சிம்லாவில் பார்க்கத் தகுந்த பழைய வைஸ்ராய் மாளிகையும் திங்களன்று மூடியிருக்கும். மூன்றுமே உங்கள் திட்டத்தில் மூடிய நாளில்தான் விழுந்திருக்கின்றன.

அடுத்தது மூடுபனி. டிசம்பர் பாதியிலிருந்து ஜனவரி கடைசி வரை கங்கைச் சமவெளி முழுக்க இதுதான் பிரச்சினை. காற்றில்லாத, மேகமில்லாத இரவில் தரை சட்டென்று குளிரும். பாசன வயல்களின் ஈரம் அப்படியே தரையோடு படியும். நள்ளிரவுக்கு மேல் கெட்டியாகி, காலை 10 மணி வாக்கில்தான் விலகும். சிக்னல் கண்ணுக்குத் தெரியாததால் ரயில்கள் வேகத்தைக் குறைக்கும்; ஒன்று தாமதமானால் பின்னால் வருவதெல்லாம் தேங்கும். விடியற்காலையில் புது தில்லி சேர வேண்டிய வண்டி மதியம் சேர்ந்தால் ஆச்சரியப்படாதீர்கள். அதனால் சனிக்கிழமைக்கு நேரம் குறித்த டிக்கெட் எதுவும் வாங்க வேண்டாம்.

சிம்லா–மணாலி சுமார் 250 கிலோமீட்டர் மலைப்பாதை. ஒரு பகல் முழுதும் காரிலேயே போய்விடும். மணாலியிலிருந்து டெல்லி அதைவிட இரண்டு மடங்குக்கும் மேல். முழங்கால் வலிக்காரரை நான்கு நாளில் இந்தச் சுற்று சுற்ற வைக்காதீர்கள். மணாலியை வெட்டுங்கள், யோசிக்கவே வேண்டாம்.

என் கணக்கு இது. சனி டெல்லி. ஞாயிறு காலை டேராடூன் சதாப்தி ரயில். அங்கிருந்து 35 கிலோமீட்டர் மேலே முசூரி, இரண்டு இரவு. செவ்வாய் காலை இறங்கி ஹரித்வார், மாலை ஆரத்தி, அன்றிரவு அங்கேயே. புதன் டெல்லி. வியாழன் முழு நாள் டெல்லி. வெள்ளி ஜெய்ப்பூர், இரண்டு இரவு. ஞாயிறு ஜெய்ப்பூரிலிருந்து காரில் அபநேரி (பழைய படிக்கிணறு), ஃபதேபூர் சிக்ரி (அக்பர் கட்டிய நகரம்) வழியாக ஆக்ரா. திங்கள் ஆக்ரா கோட்டை, தாஜ். அன்றிரவு ஆக்ரா கண்டோன்மென்டிலேயே தமிழ்நாடு எக்ஸ்பிரஸில் ஏறிவிடலாம். நாள் கூடவில்லை, ஆக்ராவிலிருந்து டெல்லி திரும்பும் வெட்டி அலைச்சல் மட்டும் போய்விடுகிறது.

போகும்போதே ஆக்ராவில் இறங்கலாமே என்று தோன்றும். அந்த வண்டி ஆக்ராவுக்கு விடியுமுன் வந்து நிற்கும். பெரியவர்களோடு அந்தக் குளிரில் நடைமேடையில் உட்கார முடியாது.

டிக்கெட் விஷயத்தில் மூன்று.

முன்பதிவு இப்போது 60 நாளுக்கு முன்புதான் திறக்கிறது. விடுமுறைக் காலத்தில் அன்று காலை 8 மணிக்கே உட்கார வேண்டும்.

அப்பா அம்மாவுக்குத் தனி டிக்கெட் போடுங்கள். மூத்த குடிமக்களுக்கான கீழ்ப் படுக்கை ஒதுக்கீடு ஒருவர் அல்லது இருவர் மட்டும் உள்ள டிக்கெட்டுக்குத்தான். ஐந்து பேரையும் ஒரே டிக்கெட்டில் சேர்த்தால் அது கிடைக்காது. 66 வயதுக்காரருக்கு மேல் படுக்கை விழுந்துவிடலாம். கட்டணச் சலுகை 2020 மார்ச்சிலேயே நின்றுவிட்டது, அதை எதிர்பார்க்க வேண்டாம்.

திரும்பும் டிக்கெட்டைப் புது தில்லியிலிருந்து எடுத்து, ஏறும் நிலையத்தை ஆக்ரா கண்டோன்மென்ட் என்று கொடுங்கள். இடைநிலையத்திலிருந்து எடுத்தால் இடங்கள் குறைவு, காத்திருப்புப் பட்டியலும் மெதுவாகத்தான் நகரும். ஆனால் அப்படிக் கொடுத்த பிறகு டெல்லியில் ஏறும் உரிமை இல்லை.

---

மலைச்சாரல் எழுதியது:

மணாலியை வெட்டினது சரி. ஆனா சிம்லாவை இவ்வளவு சுலபமா தள்ளிட்டீங்களே அண்ணே. 9 வயசுப் பையனுக்குக் கல்கா–சிம்லா ரயிலை விட வேற என்ன வேணும்? 1903-ல திறந்த பாதை, 96 கிலோமீட்டர், 102 சுரங்கம். பரோக் சுரங்கம் மட்டும் 1,143 மீட்டர், அதைத் தாண்டின உடனே பரோக் ஸ்டேஷன். காலையில புது தில்லியில கல்கா சதாப்தி ஏறினா மதியம் கல்கா; அங்க அதுக்கு ஏத்த மாதிரி ஹிமாலயன் குயீன்ங்கிற மலை ரயில் நிக்கும். மேல போய்ச் சேர அஞ்சு மணி நேரத்துக்கு மேல ஆகும். பெட்டி சின்னது, பெரிய சூட்கேஸ் வைக்க இடமே இருக்காது. ஒரு பெட்டியை டெல்லி ஹோட்டல்லயே போட்டுட்டுப் போங்க.

வைஸ்ராய் மாளிகை 1888-ல முடிஞ்சது. கட்டினவர் ஹென்றி இர்வின். நம்ம சென்னை உயர் நீதிமன்றக் கட்டடத்துலயும் எழும்பூர் ரயில் நிலையத்துலயும் மைசூர் அரண்மனையிலயும் அவர் கைதான். 1945 சிம்லா மாநாடு நடந்த இடம் அது. இப்ப உயர் ஆய்வு நிறுவனம் அங்க இருக்கு. உள்ள வழிகாட்டியோட சில அறைகளை மட்டும் காட்டுவாங்க. சிம்லாவை செவ்வாய், புதனுக்கு மாத்திட்டா இதுவும் திறந்திருக்கும்.

ஒரே எச்சரிக்கை: மால் ரோட்டுக்குக் கார் வராது. கார்ட் ரோட்டுலயே இறங்கி, லிஃப்ட் பிடிச்சு மேல போகணும். மால் ரோடு ஹோட்டல்னு விளம்பரம் இருந்தா ஃபோன் போட்டு "கார் நிக்கிற இடத்துலருந்து அறைக்கு எத்தனை படி"ன்னு கேளுங்க. சில இடத்துல 100 படிக்கு மேல போகும். ஜாக்கோ கோயிலுக்குப் போனா கண்ணாடியைக் கழட்டிப் பையில வெச்சுக்கோங்க, குரங்கு அதைத்தான் குறி வைக்கும்.

---

கொங்குத்தென்றல்:

100 படியா! அப்பாவால முடியாதுங்க. முசூரி எப்படி? அங்கயும் ஏற்றம் இறக்கம்தானே? அப்புறம் பனி எங்க கிடைக்கும்னு யாருமே சொல்லலியே.

---

கரோல்பாக் வாசி எழுதியது:

அப்பாவின் முழங்காலை வைத்துப் பார்த்தால் முசூரிதான். அங்கும் மால் ரோடு உண்டு, ஆனால் லைப்ரரி சௌக்கிலிருந்து பிக்சர் பேலஸ் வரை சுமார் இரண்டு கிலோமீட்டர், பெரும்பாலும் சமதளம்.  அறை லைப்ரரி பக்கம், வண்டி வாசல் வரை வரும் இடமாக எடுங்கள். பக்கத்திலுள்ள லாண்டோர் அழகு, ஆனால் செங்குத்து. அங்கே டாக்ஸியிலேயே ஒரு சுற்று போய் வந்தால் போதும். கெம்ப்டி அருவியை விட்டுவிடுங்கள். படி, நெரிசல், கடைகள்.

பழைய கட்டடத்தில் ஆர்வம் என்றால் ஜார்ஜ் எவரெஸ்ட் (சிகரத்துக்கு வைத்தது இவர் பெயரைத்தான்) வாழ்ந்த வீடு ஊருக்கு மேற்கே இருக்கிறது. 1802-ல் லாம்டன் என்ற ஆங்கிலேய அளவையாளர் சென்னை பரங்கிமலை அருகே அடிக்கோடு அளந்து தொடங்கிய நில அளவைதான் எவரெஸ்ட் காலத்தில் இந்த மலை வரை வந்து சேர்ந்தது. பையனுக்குச் சொல்ல நல்ல கதை.

முசூரியில் இந்த மாதத்தில் தவறவிடக் கூடாதது மாலை வானம். சூரியன் இறங்கியதும், அடிவானத்துக்குச் சற்று மேலே கிடைக்கோடாக ஒரு பட்டை தெரியும்: மேலே ஆரஞ்சு, கீழே சாம்பல் கலந்த ஊதா. சமவெளியில் ரயிலை நிறுத்தும் அதே ஈரமும் தூசியும்தான் மேலிருந்து பார்த்தால் இப்படித் தெரிகிறது. விண்டர்லைன் என்பார்கள். ஐந்து மணிக்கே மேற்குப் பக்கம் திறந்த இடத்தில் நின்றுவிடுங்கள்.

பனிக்கு யாரும் உத்தரவாதம் தர முடியாது. முசூரியிலோ சிம்லாவிலோ டிசம்பர் கடைசியில் விழுந்தாலும் விழும், வெறும் குளிரோடு முடிந்தாலும் முடியும். முந்தின நாட்களில் விழுந்திருந்தால் முசூரியிலிருந்து தனௌல்டி வரை போய்ப் பாருங்கள். அது கொஞ்சம் உயரம். பையனிடம் முன்கூட்டியே வாக்குக் கொடுத்துவிடாதீர்கள்.

குளிர் வெளியே இருப்பதைவிட அறைக்குள்தான் அதிகம் உறைக்கும், ஏனென்றால் இங்கே கட்டடங்களுக்கு வெப்பமூட்டும் வசதி கிடையாது. ஹீட்டர் வாடகையில் அடங்குமா, இரவுக்குத் தனிக் காசா என்று கேட்டு எழுத்தில் வாங்குங்கள். கரி அடுப்பு கொண்டுவந்து வைக்கிறோம் என்றால் மறுத்துவிடுங்கள். கதவைச் சாத்திய அறையில் அதிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையே இல்லை. ஒவ்வொரு குளிர்காலமும் உயிர் போகிறது.

ஹரித்வாரில் ஆரத்தி அந்தி சாயும் நேரம். இந்த மாதத்தில் ஐந்தரை மணி வாக்கில் தொடங்கிவிடும், நான்கரைக்கே ஹர் கி பௌரி படித்துறையில் இடம் பிடியுங்கள். அம்மா கால் நனைப்பதை அதற்கு முன், வெயில் இருக்கும்போதே முடித்துக்கொள்ளட்டும். நீரோட்டம் வேகம், படியோரச் சங்கிலியைப் பிடித்துக்கொண்டுதான் இறங்க வேண்டும்.

வியாழன் டெல்லியில் மூன்று இடம் வேண்டாம். ஹுமாயூன் கல்லறையும் குதுப்மினாரும் போதும். தாஜுக்கு முன்னோடி என்று சொல்லத்தக்க கட்டடம் ஹுமாயூனுடையது. அதைப் பார்த்துவிட்டு ஆக்ரா போனால் ஷாஜஹான் எதைக் கூட்டினார், எதைக் குறைத்தார் என்பது புரியும். செங்கோட்டை நடை அதிகம், உள்ளே காலியான மண்டபங்கள்தான் மிச்சம்.

---

தண்டவாளம் எழுதியது:

ஜெய்ப்பூர், ஆக்ரா பற்றியும் சொல்லிவிடுகிறேன்.

ஹவா மஹலின் (1799) முகப்பு கிழக்கு பார்த்தது, காலை வெயிலில் வெளியே தெருவில் நின்று பார்த்தால் போதும். ஜந்தர் மந்தர் என்ற பழைய வானியல் கூடத்துக்கு வெயில் அவசியம், ஆகவே 11 மணிக்கு மேல் போங்கள். அங்கே சாம்ராட் யந்திரம் 27 மீட்டர் உயர நிழற்கடிகாரம். வளைந்த பளிங்கின் மேல் நிழலின் விளிம்பருகே விரலை வைத்துக்கொண்டு நில்லுங்கள். வினாடிக்கு ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் நகர்வது கண்ணுக்கே தெரியும். அது காட்டுவது ஜெய்ப்பூரின் சூரிய நேரம். நம் கைக்கடிகாரத்தைவிட சுமார் அரை மணி பின்தங்கியிருக்கும், கருவி தப்பு என்று நினைக்க வேண்டாம். இங்கே வழிகாட்டிக்குக் காசு கொடுப்பது வீண் போகாது. இல்லாவிட்டால் எல்லாம் வெறும் படிக்கட்டாகத்தான் தெரியும். ஆமேர் கோட்டைக்குக் கீழிருந்து நடக்காமல் ஜீப்பில் ஏறுங்கள். ஆமேர், ஹவா மஹல், ஜந்தர் மந்தர் உட்பட பல இடங்களுக்குச் சேர்த்து ஒரே டிக்கெட் உண்டு, இரண்டு நாள் செல்லும்.

ஞாயிறு கார் பேசும்போது சுங்கம், உத்தரப் பிரதேச மாநில வரி, ஓட்டுநர் பேட்டா, வண்டி காலியாகத் திரும்பும் கூலி எல்லாம் சேர்த்துத்தானா என்று கேளுங்கள். காலை 9 மணிக்கு முன் கிளம்ப வேண்டாம், இருட்டுவதற்குள் ஆக்ரா சேர்ந்துவிடுங்கள். அபநேரி கிணற்றின் படிகளில் இறங்க விடமாட்டார்கள், மேலிருந்து பார்க்க அரை மணி போதும். ஃபதேபூர் சிக்ரிக்கு முன்னால் சாலையில் காரை மறித்து "நான் அரசு வழிகாட்டி" என்பவர்களுக்குக் கண்ணாடியை இறக்காதீர்கள். அங்கே புலந்த் தர்வாஜா என்ற பெரிய வாசலின் படிகள் செங்குத்து. அப்பா அரண்மனைப் பகுதியோடு நிறுத்திக்கொள்ளட்டும்.

தாஜை சூரிய உதயத்தில் பார்க்க வேண்டும் என்பது இந்த மாதத்துக்குப் பொருந்தாது. முன்னால் நின்றாலும் வெள்ளைப் புகைதான். காலையில் ஆக்ரா கோட்டை, 12 மணிக்குத் தாஜ். சூரியன் மறைய அரை மணி முன்பே மூடிவிடுவார்கள், டிக்கெட்டும் மூன்று மணி நேரத்துக்குத்தான். இந்தியர்களுக்கு நுழைவு 50 ரூபாய், கல்லறை மேடைக்கு ஏற வேண்டுமானால் கூடுதலாக 200. 15 வயதுக்குக் கீழ் இலவசம். கிழக்கு வாசலுக்கு பேட்டரி வண்டி உண்டு. தின்பண்டம் எதுவும் உள்ளே விடமாட்டார்கள், பையனுக்கு முன்பே சாப்பாடு கொடுத்துவிடுங்கள்.

---

கொங்குத்தென்றல்:

ரொம்ப நன்றிங்க. முசூரி வழிதான்னு முடிவு பண்ணியாச்சு. திங்கள் ராத்திரி ஆக்ராவுல ரயில் லேட்டானா என்ன செய்யறது?

---

தண்டவாளம்:

ஹோட்டல் அறையை அன்றிரவுக்கும் சேர்த்து எடுத்துவிடுங்கள். வண்டி டெல்லியில் கிளம்பியதை ஃபோனில் உறுதி செய்த பிறகு நிலையத்துக்குப் போனால் போதும். இரண்டு மணி நேர ஓட்டம்தான். உங்கள் நிலையத்தில் மூன்று மணி நேரத்துக்கு மேல் தாமதமாகி, போக வேண்டாம் என்று நீங்கள் முடிவெடுத்தால் முழுப் பணமும் திரும்பும். ஆனால் வண்டி அங்கிருந்து கிளம்புவதற்கு முன்பே இணையத்தில் டிடிஆர் (பணத்தைத் திரும்பக் கேட்கும் விண்ணப்பம்) பதிவு செய்திருக்க வேண்டும். தனித்தனியாக எடுத்த இரண்டு டிக்கெட்டுக்கும் தனித்தனியாக.