சில்கி ஜோடிக்குச் சாதாரண இறகுள்ள குஞ்சு பிறக்குமா?

கேள்வி:
வணக்கம் நண்பர்களே. வெள்ளை சில்கி (பஞ்சு போன்ற இறகுள்ள கோழி இனம்) வளர்க்கிறேன். புதிதாக ஒரு பெட்டை வாங்கி என் சேவலோடு விட்டேன், வந்த வாரமே முட்டையிட ஆரம்பித்தது, அந்த முட்டைகளைத்தான் அடை வைத்தேன். பொரித்தபோது எல்லாக் குஞ்சும் ஒரே மாதிரி இருந்தன. இப்போது இறக்கை முளைக்கும்போது இரண்டுக்கு மட்டும் நாட்டுக்கோழி போல விறைப்பான பட்டை இறகு வருகிறது. பெட்டை கலப்பா? கழித்துவிடலாமா?

பதில்:
அவசரப்பட்டுக் கழிக்காதீர்கள். சில்கி இறகு ஒடுங்கு பண்பு, தாய் தகப்பன் இருவரிடமிருந்தும் அந்த மரபணு வந்தால்தான் வெளியே தெரியும். அதனால் சில்கியும் சில்கியும் சேர்ந்தால் எல்லாமே பஞ்சிறகுதான். அந்த இரண்டுக்கும் தகப்பன் வேறு, இல்லையென்றால் முட்டையே வேறு கோழியுடையது. கால்விரலை எண்ணிப் பாருங்கள். ஐந்து விரல் ஓங்கு பண்பு, ஒருவரிடமிருந்து மரபணு வந்தாலே தெரியும் என்பதால் சில்கித் தாயின் குஞ்சுக்குப் பெரும்பாலும் வந்துவிடும்.

கேட்டவர்:
இரண்டுக்கும் ஐந்து விரல் இருக்கிறது, காலில் இறகும் இருக்கிறது.

பதில்:
சரி, நீங்கள் வைத்ததும் அதன் முட்டைதான் என்பதால் தாய் பெரும்பாலும் உங்கள் பெட்டைதான். சேவலோடு இணைந்த பிறகு விந்து பெட்டையின் உடலில் இரண்டு மூன்று வாரம்கூட உயிரோடு இருக்கும். விற்றவர் இடத்தில் வேறு சேவல் மிதித்திருக்கிறது, அவ்வளவுதான், பெட்டையில் குறை இல்லை. உங்கள் சேவலோடு மட்டும் நான்கு வாரம் அடைத்துவையுங்கள், அதற்குள் வரும் முட்டையைச் சாப்பிட எடுத்துக்கொள்ளுங்கள், பிறகு வருவதை அடை வையுங்கள்.

இன்னொருவர்:
ஒன்று சேர்த்துச் சொல்கிறேன். பஞ்சிறகோடு இருக்கிற மற்றக் குஞ்சுகளையும் நம்பி இனவிருத்திக்கு எடுக்காதீர்கள். அந்த வெளிச்சேவல் சில்கி மரபணு ஒன்றைச் சுமந்த கலப்பாக இருந்தால் அதற்குப் பிறக்கும் குஞ்சுகளில் ஏறக்குறைய பாதி பஞ்சிறகோடுதான் வரும், ஐந்து விரலும் கறுப்புத் தோலும்கூட இருக்கலாம், பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. நானாக இருந்தால் இந்த ஈட்டில் ஒன்றைக்கூட இனத்துக்கு வைக்க மாட்டேன். காலில் வளையம் போட்டுத் தனியாக அடையாளம் வையுங்கள், விற்றாலும் கலப்பு இருக்கலாம் என்று சொல்லியே விற்றுவிடுங்கள். வாங்குகிறவரும் நம்மைப் போல ஆசையாக வளர்க்கிறவர்தானே.

கேட்டவர்:
புரிந்தது, நன்றி. அதுவரை எல்லாவற்றையும் ஒரே கூண்டில் விடலாமா?

இன்னொருவர்:
தாராளமாக விடலாம். மழையை மட்டும் பாருங்கள். சாதாரண இறகின் இழைகள் ஒன்றோடொன்று கொக்கி போட்டுக்கொள்ளும், சில்கிக்கு அந்தக் கொக்கி சரியாக இல்லாததால் தண்ணீர் தோல்வரை இறங்கிவிடும். விறைத்த இறகுக் குஞ்சுகள் நனைந்துகொண்டே மேயும், பஞ்சிறகுக் குஞ்சுகளைக் கூரைக்குள் ஓட்டிவிடுங்கள்.